மழைநீர் சேமிப்பு: தண்ணீர் கெடுவது தொட்டியில் இல்லை, வரும் வழியில்

மழைநீர் பிடிக்கலாம் என்று முடிவெடுத்ததும் பலர் முதலில் தொட்டி வாங்கத்தான் ஓடுகிறார்கள். கூரையை ஏறிப் பார்ப்பதில்லை.

பெரிய தவறு, மழை தொடங்கியதுமே தண்ணீரைத் தொட்டிக்குள் விடுவது. பல நாள் தூசி, பறவை எச்சம், சருகு எல்லாம் அதோடுதான் இறங்கும். முதல் 1 அல்லது 2 மில்லிமீட்டர் மழை வெளியே போகட்டும். 1 சதுர மீட்டர் கூரையில் 1 மில்லிமீட்டர் பெய்தால் 1 லிட்டர். அப்படியென்றால் 100 சதுர மீட்டர் கூரைக்கு 100 முதல் 200 லிட்டர். இவ்வளவு வீணா என்று மனசு அடித்துக்கொள்ளும், தெரியும். ஆனால் அதே கூரையில் 20 மில்லிமீட்டர் பெய்தால் விழுவது 2,000 லிட்டர். சிதறியும் கசிந்தும் ஐந்தில் ஒரு பங்கு போனாலும் ஆயிரத்துக்குக் குறையாமல் மிஞ்சும்.

இந்த அழுக்குத் தண்ணீரைப் பிடித்து வைக்கத் தனிக் குழாய் மாட்டுபவர்கள், மழை விட்ட பிறகு அதைக் காலி செய்ய மறந்துவிடுகிறார்கள். நிரம்பிய குழாய் அடுத்த மழைக்கு உதவாது; அழுக்கு நேராகத் தொட்டிக்குத்தான் போகும்.

அப்புறம் கொசு. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசுவுக்குச் சாக்கடை வேண்டாம், தெளிந்த தண்ணீரே போதும். மூடியை இறுக்கிப் போட்டவர்களும் தொட்டி நிரம்பினால் தண்ணீர் வெளியேறும் குழாயின் வாயைத் திறந்தே விடுவார்கள். அங்கேயும் நெருக்கமான வலை கட்ட வேண்டும். முட்டைகள் சுவரில் ஒட்டி, காய்ந்தும் மாதக்கணக்கில் பிழைத்திருக்கும். தொட்டியை வடித்தால் மட்டும் போதாது, சுவரைத் தேய்த்துக் கழுவ வேண்டும்.

வெளிச்சம் ஊடுருவும் தொட்டியில் பாசி பிடிக்கும். தண்ணீர் பிடிக்கும் குழாயைத் தொட்டியின் அடிமட்டத்தில் வைத்தால் வண்டல்தான் வரும். ஒரு சாண் உயரத்தில் வையுங்கள். 1,000 லிட்டர் தண்ணீர் 1 டன் எடை. செங்கல்லை அடுக்கி அதன்மேல் தொட்டியை ஏற்றுவது விபத்தைக் கூப்பிடுவது.

கொதிக்க வைத்தால் எல்லாம் சரி என்பது இன்னொரு நம்பிக்கை. கிருமி சாகும், ஈயம் சாகாது. பழைய ஈயப் பெயின்டோ ஈயத் தகடோ உள்ள கூரையின் தண்ணீரைக் குடிக்கவும் சமைக்கவும் எடுக்காதீர்கள். கழிப்பறைக்கும் தரை துடைக்கவும் தாராளமாகப் பயன்படுத்தலாம்.