பீன் கிடைக்கவில்லை என்கிறதா ஸ்பிரிங்? டிபென்டன்சி இன்ஜெக்‌ஷன் பிழைகளைப் படிப்படியாகத் தீர்ப்பது

சுங்கை சிப்புட் பக்கம் ஒரு செம்பனைத் தோட்ட அலுவலகத்துக்கு வெப் செயலி எழுதுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். லோரி எடைப்பாலத்தில் ஏறும், கிராணி (தோட்ட எழுத்தர்) மொத்த எடையைப் பதிவார், குலையை இறக்கியபின் வெறும் லோரியின் எடையைக் கழிப்பார். மாதக் கடைசியில் குலை வெட்டுபவர்களின் கூலி கணக்காகும். கருவிகள்: ஸ்பிரிங் பூட் 3 (ஜாவாவில் செயலி எழுத உதவும் ஃபிரேம்வொர்க்), ஜாவா 17, மேவன் (வேண்டிய நூலகங்களை இறக்கிச் செயலியைக் கட்டும் கருவி).

இதில் எடைக் கன்ட்ரோலருக்கு (பிரவுசரின் கோரிக்கையை வாங்கும் கிளாஸ்) எடைச் சேவை (கணக்கைச் செய்யும் கிளாஸ்) வேண்டும், எடைச் சேவைக்கு எடை ரெபாசிட்டரி (தரவுத்தளத்தோடு பேசுவது) வேண்டும். நீங்கள் ‘நியூ’ போட்டு எதையும் உருவாக்குவதில்லை. ஸ்பிரிங்கின் கண்டெய்னர் இவற்றை உருவாக்கி, வேண்டியதை வேண்டிய இடத்தில் கொடுக்கிறது. இதுதான் டிபென்டன்சி இன்ஜெக்‌ஷன். அப்படிக் கண்டெய்னர் உருவாக்கிய பொருள்தான் பீன். பெரட்டில் (தோட்டத்தில் காலையில் ஆள் கணக்கெடுக்கும் இடம்) பெயர் கொடுக்காத ஆளுக்கு அன்றைக்கு வேலை பிரித்துக் கொடுக்க முடியாது அல்லவா, கண்டெய்னரும் அப்படித்தான்: தன் பதிவில் இல்லாத எதையும் அதனால் கொடுக்கவும் முடியாது, நிரப்பவும் முடியாது.

ஆகவே எந்தப் பிழை வந்தாலும் முதலில் இதைக் கேளுங்கள்: இந்தக் கிளாஸ் கண்டெய்னரின் கண்ணில் பட்டதா? பட்டது என்றால், ஒன்றா பலவா? இந்தப் பொருளை உருவாக்கியது கண்டெய்னர்தானா?

படி 1: லாக்கைக் கீழிருந்து மேலே படியுங்கள்

செயலி தொடங்காமல் நின்றால் திரையில் நூறு வரிகளுக்கு மேல் கொட்டும். அதுதான் லாக். முதல் வரியைப் பிரதி எடுத்துக் கூகுளில் போடுவதில் பயனில்லை. அது பெரும்பாலும் ‘அன்சேட்டிஸ்ஃபைட் டிபென்டன்சி எக்ஸப்ஷன்’ என்று இருக்கும். ஏதோ ஒன்று கிடைக்கவில்லை என்பதற்கு மேல் அதில் விஷயம் இல்லை. கீழே போய், ‘காஸ்ட் பை’ என்று தொடங்கும் வரிகளில் கடைசியைப் பாருங்கள். உண்மையான காரணம் அங்கேதான் இருக்கும்.

ஸ்பிரிங் பூட் சில பிழைகளைத் தானே சுருக்கித் தரும். ‘அப்ளிகேஷன் ஃபெயில்ட் டு ஸ்டார்ட்’ என்ற தலைப்பின் கீழ் ‘டிஸ்கிரிப்ஷன்’, ‘ஆக்‌ஷன்’ என்று இரண்டு பகுதிகள் வரும். டிஸ்கிரிப்ஷனை நம்புங்கள். ஆக்‌ஷன் சொல்வதை யோசித்துச் செய்யுங்கள். ‘இப்படி ஒரு பீனை டிஃபைன் செய்யுங்கள்’ என்று அது சொல்லும்போது, பீன் ஏற்கெனவே எழுதப்பட்டு வேறு பேக்கேஜில் கிடக்கலாம்.

படி 2: ‘நோ சச் பீன் டெஃபினிஷன்’ வந்தால்

கண்டெய்னர் அந்தக் கிளாஸைப் பார்க்கவே இல்லை என்று பொருள். இந்த வரிசையில் தேடுங்கள்.

முதலில் அனோட்டேஷன். எடைச் சேவையின் தலையில் @சர்வீஸ் அல்லது @காம்பொனன்ட் இருக்கிறதா? இன்டர்ஃபேஸின் மேல் போட்டுவிட்டு, அதைச் செயல்படுத்தும் கிளாஸின் மேல் போடாமல் விடுவது அடிக்கடி நடப்பது. அது செல்லாது, கிளாஸின் மேல்தான் வேண்டும்.

அடுத்து பேக்கேஜ். புதியவர்கள் அதிகம் சிக்குவது இங்கேதான். @ஸ்பிரிங்பூட்அப்ளிகேஷன் எந்தக் கிளாஸில் இருக்கிறதோ, அந்தக் கிளாஸின் பேக்கேஜையும் அதற்கு உள்ளே இருப்பவற்றையும் மட்டுமே ஸ்பிரிங் துழாவும். மெயின் கிளாஸ் ‘தோட்டம்.செயலி’ பேக்கேஜிலும், சேவை ‘தோட்டம்.எடை’ பேக்கேஜிலும் இருந்தால் சேவை கண்ணில் படாது. இரண்டும் பக்கத்துப் பக்கத்து வீடுகள், ஒன்றுக்குள் ஒன்று இல்லை. மெயின் கிளாஸை ‘தோட்டம்’ பேக்கேஜுக்கே தூக்கிவிடுங்கள், தீர்ந்தது.

தூக்காமல் ‘ஸ்கேன் பேஸ் பேக்கேஜஸ்’ என்ற ஆட்ரிபியூட்டில் பேக்கேஜ் பெயரை எழுதியும் சமாளிக்கலாம், ஆனால் பாதிதான் சரியாகும். சேவை கிடைக்கும், ரெபாசிட்டரி கிடைக்காது. ரெபாசிட்டரியையும் என்டிட்டியையும் (தரவுத்தள அட்டவணைக்கு இணையான கிளாஸ்) தேடும் வேலை இன்னும் மெயின் கிளாஸின் பேக்கேஜிலிருந்தே தொடங்குகிறது. அவற்றுக்கு @எனேபிள்ஜேபிஏரெபாசிட்டரிஸ், @என்டிட்டிஸ்கேன் என்று தனியாகச் சொல்ல வேண்டும். மூன்று இடத்தில் எழுதுவதைவிட ஒரு கோப்பை நகர்த்துவது மேல்.

பேக்கேஜும் சரி என்றால் ப்ரொஃபைலை (எந்தச் சூழலுக்கு எந்தப் பீன் என்று பிரிக்கும் பெயர்) பாருங்கள். கிளாஸின் மேல் @ப்ரொஃபைல் போட்டு ‘ஆலை’ என்று எழுதியிருந்தால், அந்த ப்ரொஃபைலில் ஓட்டும்போது மட்டுமே பீன் உருவாகும். உங்கள் மடிக்கணினியில் ஓடி, அலுவலகக் கணினியில் ஓடாத செயலிகளில் இதைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும். லாக்கின் தொடக்க வரிகளில் எந்த ப்ரொஃபைல் இயங்குகிறது என்று ஸ்பிரிங் எழுதியிருக்கும்.

படி 3: ‘நோ யூனிக் பீன் டெஃபினிஷன்’ வந்தால்

கூலிக் கணக்கு என்று ஓர் இன்டர்ஃபேஸ். அதைச் செயல்படுத்த நாட்கூலி என்றொரு கிளாஸ், டன்கூலி என்றொரு கிளாஸ். சம்பளச் சேவை ‘எனக்கு ஒரு கூலிக் கணக்கு வேண்டும்’ என்று கேட்டால், எதைக் கொடுப்பது என்று ஸ்பிரிங்குக்குத் தெரியாது. எதிர்பார்த்தது ஒன்று, கிடைத்தது இரண்டு என்று சொல்லி நின்றுவிடும்.

எல்லாரும் உடனே சொல்லும் தீர்வு @பிரைமரி. ஒன்றின் மேல் போட்டால் பிழை மறையும், ஆனால் கூலி விஷயத்தில் அது ஆபத்து. நாட்கூலியைப் பிரைமரி ஆக்கிவிட்டால், டன் கணக்கில் வெட்டுபவருக்கும் சத்தமில்லாமல் நாட்கூலி போய்விடும். லாக்கில் ஒரு வரி கூட வராது. சம்பள நாளில் ஆள் கேட்கும்போதுதான் தெரியும்.

எப்போதும் ஒன்றே வேண்டும் என்ற இடத்தில், கன்ஸ்ட்ரக்டர் பாராமீட்டரின் முன்னால் @குவாலிஃபையர் போட்டுப் பீனின் பெயரை எழுதுங்கள். பெயர் தராவிட்டால் கிளாஸ் பெயரின் முதல் எழுத்தைச் சிறிய எழுத்தாக்கி ஸ்பிரிங் தானே வைத்துக்கொள்ளும். முதல் இரண்டு எழுத்துகளும் பெரிய எழுத்தாக இருந்தால் மட்டும் மாற்றாமல் விட்டுவிடும். ஊகித்துக் கொண்டிருக்காமல் @சர்வீஸ் அடைப்புக்குள் பெயரை நீங்களே எழுதிவிடுங்கள்.

ஆளைப் பார்த்துத்தான் எது என்று முடிவாகும் என்றால், பெயரைச் சாவியாகவும் கூலிக் கணக்கை மதிப்பாகவும் கொண்ட ஒரு மேப்பை கன்ஸ்ட்ரக்டரில் கேளுங்கள். ஸ்பிரிங் இரண்டு பீனையும் அதில் போட்டுக் கொடுக்கும். தொழிலாளியின் பதிவில் ‘டன்கூலி’ என்று இருந்தால் அந்தச் சாவியால் எடுத்துக்கொள்ளலாம். சம்பளக் கணக்குக்கு இதுவே பொருத்தம்.

இங்கே இரண்டு கண்ணிகள் உண்டு. கன்ஸ்ட்ரக்டர் போன்றவற்றைத் தானே எழுதித்தரும் லோம்போக் நூலகத்தின் @ரிக்வயர்ட்ஆர்க்ஸ்கன்ஸ்ட்ரக்டர் பயன்படுத்தினால், ஃபீல்டின் மேல் போட்ட @குவாலிஃபையர் கன்ஸ்ட்ரக்டருக்குத் தானாகப் போகாது. லோம்போக் கான்ஃபிக் கோப்பில் சொல்ல வேண்டும், அல்லது கன்ஸ்ட்ரக்டரைக் கையால் எழுத வேண்டும். இன்னொன்று, பாராமீட்டரின் பெயரும் பீனின் பெயரும் ஒன்றாக இருந்தால் குவாலிஃபையர் இல்லாமலேயே ஸ்பிரிங் கண்டுபிடித்துவிடும். ஸ்பிரிங் பூட் 3.2 முதல் இதற்குக் கம்பைலரில் ‘பாராமீட்டர்ஸ்’ ஆப்ஷன் கட்டாயம். ஸ்பிரிங் பூட்டின் ஸ்டார்ட்டர் பேரன்ட்டை வைத்து மேவனில் கட்டினால் அது தானே வந்துவிடும். ஐடிஇ (நீங்கள் கோடு எழுதும் மென்பொருள்) தன் பாட்டுக்குக் கம்பைல் செய்தால் வராமல் போகலாம். மேவனில் ஓடுவது ஐடிஇ-யில் ஓடவில்லை என்றால் இதைப் பாருங்கள்.

படி 4: செயலி தொடங்கியது, ஆனால் ஃபீல்டு ‘நல்’

தொடங்கும்போதே நிற்கும் பிழை நல்லது. காலையில் லோரிகள் வரிசை கட்டி நிற்கும்போது ‘நல் பாயின்ட்டர்’ வருவதுதான் கொடுமை. வெட்டிய குலை காத்திருக்காது.

மிகப் பொதுவான காரணம், எங்கோ ஓரிடத்தில் ‘நியூ எடைச்சேவை’ என்று எழுதியிருப்பது. அந்தப் பொருள் கண்டெய்னருடையது இல்லை, அதற்குள் இருக்கும் @ஆட்டோவயர்ட் வெறும் அலங்காரம். திட்டம் முழுவதும் ‘நியூ’வுடன் அந்தக் கிளாஸ் பெயரைத் தேடிப் பாருங்கள்.

ஸ்டாட்டிக் ஃபீல்டின் மேல் @ஆட்டோவயர்ட் போட்டாலும் நல்தான், ஸ்பிரிங் அதைத் தொடாது. கன்ஸ்ட்ரக்டருக்கு உள்ளே, ஆட்டோவயர்ட் ஃபீல்டைப் பயன்படுத்தினாலும் நல். பொருள் உருவான பிறகுதான் ஃபீல்டுகள் நிரம்பும். வெப் எக்ஸ்எம்எல் கோப்பில் எழுதிய ஃபில்டரை உருவாக்குவது டாம்கேட் (செயலியை ஓட்டும் வெப் சர்வர்), ஸ்பிரிங் இல்லை. அதற்கு ஸ்பிரிங்கின் ‘டெலிகேட்டிங் ஃபில்டர் ப்ராக்ஸி’ வேண்டும்.

ஒன்று மட்டும் அனுபவசாலிகளையும் திணறடிக்கும். எடைச் சேவையில் @டிரான்சாக்‌ஷனல் (தரவுத்தள வேலைகளை ஒரே தொகுப்பாக நடத்தச் சொல்வது) இருக்கிறது. அதே கிளாஸில் ஒரு மெத்தட் ‘ஃபைனல்’. டிரான்சாக்‌ஷனுக்காக ஸ்பிரிங் உங்கள் கிளாஸிலிருந்து ஒரு துணைக் கிளாஸை உருவாக்கி, அதைத்தான் கன்ட்ரோலரிடம் கொடுக்கிறது. சாதாரண மெத்தட்டை அழைத்தால் அது உண்மையான பொருளுக்குக் கைமாற்றிவிடும். ஃபைனல் மெத்தட்டை ஓவர்ரைடு செய்ய முடியாது என்பதால், அது அந்தப் போலிப் பொருளிலேயே ஓடும். போலியின் ஃபீல்டுகள் காலி. ஒரே கிளாஸில் ஒரு மெத்தட் ஓடுகிறது, இன்னொன்று நல் என்கிறது, டிபக்கரில் கிளாஸ் பெயருக்குப் பின்னால் இரண்டு டாலர் குறிகளுடன் ஏதோ நீண்ட பெயர் தெரிகிறது என்றால் இதுதான். ‘ஃபைனல்’ என்ற சொல்லை மெத்தட்டிலிருந்து எடுங்கள்.

இவற்றில் பாதிக்கு ஒரே மருந்து: ஃபீல்டில் @ஆட்டோவயர்ட் போடுவதை விட்டுவிட்டு, வேண்டியதை எல்லாம் கன்ஸ்ட்ரக்டரில் வாங்கி, ஃபீல்டுகளை ஃபைனல் ஆக்குங்கள் (ஃபீல்டுக்கு ஃபைனல் நல்லது, மெத்தட்டுக்குத்தான் வம்பு). ஸ்பிரிங் ஃபிரேம்வொர்க் 4.3 முதல் (இது ஸ்பிரிங் பூட்டின் எண் இல்லை) ஒரே கன்ஸ்ட்ரக்டர் இருந்தால் @ஆட்டோவயர்ட் எழுதவும் தேவையில்லை. வேண்டியதைக் கொடுக்காமல் யாராவது ‘நியூ’ போட முயன்றால் கம்பைலரே தடுக்கும்.

படி 5: @வேல்யூ செய்யும் குறும்பு

மலேசியாவில் குறைந்தபட்சச் சம்பளம் 2025 பிப்ரவரியில் 1,500 ரிங்கிட்டிலிருந்து 1,700 ஆனது. இந்த மாதிரி எண்ணைக் கோடில் எழுதாமல் அப்ளிகேஷன் ப்ராப்பர்ட்டிஸ் கோப்பில் வைத்து @வேல்யூ மூலம் வாங்குவது சரியான பழக்கம். சாவியின் பெயரில் ஓர் எழுத்து பிசகினாலும் ‘குட் நாட் ரிசால்வ் ப்ளேஸ்ஹோல்டர்’ என்று செயலி நிற்கும். நிற்கட்டும். அதைத் தவிர்க்க, சாவிக்குப் பின் முக்காற்புள்ளி வைத்து 1,500 என்று மாற்று மதிப்பு கொடுக்கச் சொல்வார்கள். கொடுக்காதீர்கள். பிறகு சாவி பிசகினால் செயலி நிற்காது, பழைய சம்பளத்தில் கணக்குப் போட்டுக்கொண்டே இருக்கும்.

படி 6: சுழல்

சம்பளச் சேவைக்கு எடைச் சேவை வேண்டும், எடைச் சேவைக்குச் சம்பளச் சேவை வேண்டும். எதை முதலில் உருவாக்குவது? ஸ்பிரிங் பூட் 2.6 முதல் இது முன்னிருப்பாகவே தடை. லாக்கில் அம்புக்குறிகளுடன் சுழலைப் படமாகவே வரைந்து காட்டும். தடையை நீக்க ஒரு ப்ராப்பர்ட்டி உண்டு (கன்ஸ்ட்ரக்டர் வழியான சுழலுக்கு அது உதவாது), @லேசியும் உண்டு. உதவினாலும் இன்றைக்கு ஓட வைக்கும், அவ்வளவுதான். இருவருக்கும் பொதுவான வேலையை (இங்கே, ஒருவரின் மாத மொத்த எடையைக் கூட்டுவது) மூன்றாவது கிளாஸுக்கு மாற்றினால் சுழல் அறும்.

படி 7: ஒருவர் எடை இன்னொருவர் திரையில்

பீன்கள் முன்னிருப்பாக சிங்கிள்டன், அதாவது செயலி முழுவதற்கும் ஒரே பொருள். எடைச் சேவையில் ‘தற்போதைய லோரி’ என்று ஒரு ஃபீல்டு வைத்தால், இரண்டு கிராணிகள் ஒரே நேரத்தில் பதியும்போது ஒருவரின் லோரி மற்றவருக்குத் தெரியும். தனியாகச் சோதிக்கும்போது இது அகப்படவே அகப்படாது. இரண்டு பிரவுசர்களைத் திறந்து, ஒன்றில் பாதி பதிந்துவிட்டு மற்றதில் தொடங்கிப் பாருங்கள். தரவை மெத்தட் பாராமீட்டராக அனுப்புவதே எளிய தீர்வு.

படி 8: பழைய கோடை ஒட்டியபோது

ஸ்பிரிங் பூட் 3 வந்ததும் ‘ஜாவாஎக்ஸ்’ என்று தொடங்கிய பல பேக்கேஜ்கள் ‘ஜகார்த்தா’ ஆகிவிட்டன. பழைய பாடத்திலிருந்து என்டிட்டியைப் பிரதி எடுத்தால், ஜாவாஎக்ஸ் பெர்சிஸ்டன்ஸ் இம்போர்ட்டும் சேர்ந்து வரும். பழைய ஜார் (ஜாவா நூலகக் கோப்பு) உள்ளே இருந்தால் கம்பைலும் ஆகும். ஓட்டும்போது ‘நாட் எ மேனேஜ்ட் டைப்’ என்று ரெபாசிட்டரி பீன் உருவாகாமல் விழும். இம்போர்ட்டை மாற்றுங்கள், பழைய ஜாரையும் பாம் கோப்பிலிருந்து (மேவனின் பட்டியல் கோப்பு) நீக்குங்கள். செயலியை வார் கோப்பாக (வெளி சர்வரில் ஏற்றும் தொகுப்பு) கட்டி டாம்கேட் 9-இல் போட்டால் இன்னும் குழப்பம்: பிழை எதுவும் இல்லாமல் ஏறும், எல்லாப் பக்கமும் 404 காட்டும். டாம்கேட் 10.1 வேண்டும்.

இத்தனைக்குப் பிறகும் பிடிபடாவிட்டால் செயலியை ‘டிபக்’ ஆப்ஷனுடன் ஓட்டுங்கள். எந்தத் தானியங்கிக் கான்ஃபிகரேஷன் பொருந்தியது, எது ஏன் பொருந்தவில்லை என்று பட்டியல் வரும். ஆக்சுவேட்டரின் (ஓடும் செயலியின் உள்நிலையைக் காட்டும் ஸ்பிரிங் பூட் பகுதி) ‘பீன்ஸ்’ முகவரியைத் திறந்தால் கண்டெய்னரில் உள்ள எல்லாப் பீன்களும் தெரியும். சொந்தக் கணினியில் மட்டும் திறங்கள், அலுவலகத்தில் ஓடும் செயலியில் வேண்டாம்.

தோட்டப் பக்கத்து இணையத்தில் இன்னொரு தொல்லை உண்டு. மேவன் ஜாரை இறக்கும்போது லைன் அறுந்தால், ‘லாஸ்ட் அப்டேட்டட்’ என்று முடியும் கோப்பு ஒன்று மேவனின் உள்ளூர்க் களஞ்சியத்தில் தங்கிவிடும். லைன் திரும்பிய பிறகும் மேவன் அதைப் பார்த்துவிட்டு உடனே மறுபடி இறக்க மறுக்கும். முழுக் களஞ்சியத்தையும் அழித்துவிடாதீர்கள், அத்தனையும் மீண்டும் இறங்க வேண்டியிருக்கும். லாக் சொல்லும் அந்த ஒரு ஜாரின் ஃபோல்டரை மட்டும் அழித்துவிட்டு மேவனை ‘யு’ ஆப்ஷனுடன் ஓட்டுங்கள். தோட்டத்துக்குக் கிளம்பும் முன், நல்ல இணையம் உள்ள இடத்தில் ‘டிபென்டன்சி கோ ஆஃப்லைன்’ கட்டளையை ஓட்டி வைத்துக்கொண்டால் பெரும்பாலான ஜார்கள் கையோடு வந்துவிடும்.