தொண்டையில் முள், கையில் சோற்று உருண்டை

சென்னை காசிமேட்டில் மீன் வாங்கிச் சமைக்கும் வீட்டில் என்றைக்காவது தொண்டையில் முள் சிக்கத்தான் செய்யும். உடனே யாராவது சோற்றை உருட்டி நீட்டி, "மெல்லாம முழுங்கு" என்பார்கள். தவறுகளில் முதல் இடத்தை நான் இதற்குத்தான் கொடுப்பேன். டான்சிலில் குத்தி நிற்கும் முள்ளை, காது மூக்கு தொண்டை டாக்டர் வாயைத் திறக்கச் சொல்லி இடுக்கியால் எடுத்துவிடுவார். அதே முள்ளை உருண்டை கீழே தள்ளினால் உணவுக்குழாய்ச் சுவரில் ஏறிக்கொள்ளும், அப்புறம் கேமரா வைத்த குழாயை உள்ளே விட்டு எடுக்கும் எண்டோஸ்கோப்பிதான். சுவர் ஓட்டையாகிவிட்டால் கிருமி நெஞ்சுக்குள் பரவி, அறுவை சிகிச்சை வரை போகலாம். அரிதாக, முள் இரைப்பையைத் துளைத்துக் கல்லீரலில் சீழ்கட்டியை உண்டாக்கியதும் உண்டு. அப்படி வருபவர்களில் பலருக்கு முள் முழுங்கியதே நினைவிருக்காது. மேல் பல்செட் போட்டவர்கள் கவலை மீன் சாப்பிடும்போது கூடுதல் கவனமாக இருக்கவேண்டும். அண்ணத்தை பல்செட் மூடியிருப்பதால் முள் இருப்பது வாய்க்குத் தெரியாது.

"எக்ஸ்ரேயில் ஒண்ணும் இல்ல" என்று நிம்மதியாகிவிடுவதும் தப்பு. பல மீன் முட்கள் எக்ஸ்ரேயில் தெரியாது. குத்தல் நிற்கவில்லை என்றால் சி.டி. ஸ்கேன் தேவைப்படலாம். மூச்சுக்குழாயில் போன வேர்க்கடலையும் அப்படித்தான். குழந்தை புரையேறி இருமிவிட்டு அமைதியாகிவிடும், அதோடு மறந்துவிடுவோம். பிறகு விடாத இருமல், ஒரு பக்கம் மட்டும் வீசிங் என்று இழுத்துக்கொண்டே போகும்.

"ஆய் போனா வந்துடும்" என்று பாட்டிகள் சொல்வது பெரும்பாலும் சரிதான். விழுங்கிய பொருள்களில் 80 முதல் 90 சதவீதம் தானாகவே வெளியேறிவிடும். வயிற்றைத் திறக்கும் நிலை சுமார் 1 சதவீதம்தான். ஆனால் இந்தக் கணக்கு பட்டன் பேட்டரிக்குச் செல்லாது. வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோடு நடைபாதையில் விற்கும் லைட் பொம்மைக்குள்ளும் அது இருக்கலாம். உணவுக்குழாயில் சிக்கினால் 2 மணி நேரத்திலேயே திசுவை அரிக்கத் தொடங்கும். எக்ஸ்ரேயில் காசு மாதிரியே தெரியும், ஓரத்தில் இரட்டை வளையம் இருக்கிறதா என்று பார்த்துத்தான் பிரிப்பார்கள். அதனால் "காசுதான் முழுங்கியிருப்பான்" என்று நீங்களே முடிவு கட்டாதீர்கள். 1 வயது தாண்டிய குழந்தை, பேட்டரி விழுங்கி 12 மணி நேரத்துக்குள் என்றால், ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் 10 நிமிடத்துக்கு ஒருமுறை 2 டீஸ்பூன் தேன் கொடுக்கலாம். தேனுக்காகக் கடைக்குப் போய் நிற்கவேண்டாம். காந்தமும் ஆபத்துதான். இரண்டு போனால் குடலின் இரு மடிப்புகளை நடுவில் வைத்து ஒட்டிக்கொண்டு துளைத்துவிடும்.

வாய்க்குள் கண்மூடித்தனமாக விரலை விடுவது, உப்புத்தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைப்பது, பேதி மாத்திரை: மூன்றும் வேண்டாம். எது முழுங்கியது, எத்தனை மணிக்கு, கடைசியாக எப்போது சாப்பிட்டது என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மயக்க மருந்து கொடுக்கும் டாக்டர் அதைத்தான் கேட்பார். பொம்மையில் அதே மாதிரி இன்னொரு பேட்டரி இருந்தால் கையோடு எடுத்துப் போங்கள்.

பட்டறையில் கம்பி வயிற்றில் குத்திவிட்டால் பிடுங்கவே கூடாது. ரத்தக்குழாயை அடைத்து நிற்பது அந்தக் கம்பியாகவே இருக்கலாம். அசையாமல் இரு பக்கமும் துணியை அண்டக்கொடுத்து, தண்ணீர்கூடத் தராமல், 108-ஐ அழைத்து ஸ்டான்லி அரசு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். எடுக்கிற வேலை ஆபரேஷன் தியேட்டருடையது.