சிறு நிலத்து இளம் விவசாயி நேரடிப் பண உதவியை வருமானமாக மாற்றுவது எப்படி?

நேரடிப் பண உதவி என்றால் விதை, உரம், ஆடு என்று பொருளாகக் கொடுக்காமல் பணத்தையே கணக்கில் போட்டுவிடுவது. எதை வாங்குவது என்பது வாங்குகிறவர் முடிவு. ஓரிரு ஏக்கரில் விவசாயம் தொடங்கும் இளைஞருக்கு இதன் உண்மையான மதிப்பு தொகையில் மட்டும் இல்லை, அது வரும் நேரத்திலும் இருக்கிறது. சிறு விவசாயி கையில் ஆண்டு முழுக்கப் பணமே இருக்காது என்று சொல்ல முடியாது. அறுவடையில் இருக்கும், விதைப்பில் இருக்காது. அதனால்தான் அறுத்த கையோடு அடிமாட்டு விலைக்கு விற்றுவிட்டு, நாலைந்து மாதம் கழித்து வட்டிக்கு வாங்கி விதைக்கிறார். பணம் ஒழுகும் இடங்கள் இவை இரண்டும்தான். உதவித்தொகையின் முதல் வேலை இவற்றை அடைப்பது. ஆடு, பம்பு எல்லாம் அதற்குப் பிறகு.

பணத்தை மொத்தமாக வாங்குவதா, மாதாமாதம் வாங்குவதா என்று கேட்டால் யோசித்துப் பதில் சொல்லுங்கள். கென்யாவில் கிவ்டைரக்ட்லி அமைப்பு கொடுத்த பண உதவியை ஆராய்ந்தபோது, மாதத் தவணையாக வாங்கிய குடும்பங்களில் சாப்பாட்டுக் கவலை குறைந்தது. மொத்தமாக வாங்கியவர்கள் நீடித்து நிற்கும் பொருட்களில் கூடுதலாகப் போட்டார்கள். முதலீடு நோக்கம் என்றால் மொத்தத் தொகை, அல்லது இரண்டு பெரிய தவணை நல்லது. தவணை மாதத்தைத் தேர்ந்தெடுக்க வாய்ப்பு இருந்தால் ஒன்று விதைப்புக்கு மூன்று வாரம் முன்பும், மற்றது அறுவடை சமயத்திலும் வரும்படி கேளுங்கள். அறுவடையில் எதற்குப் பணம் என்று தோன்றும். காரணம் கீழே வருகிறது.

இன்னொரு ஆய்வும் தெரிந்திருக்க வேண்டியது. உகாண்டாவின் வடபகுதியில் 2008இல் பணம் வழங்கிய இளைஞர் திட்டத்தில், தொழில் திட்டம் எழுதிக் கொடுத்த குழுக்களுக்கு ஆளுக்குச் சராசரியாக 380 டாலர் அளவில் பணம் போனது. நான்கு ஆண்டு கழித்து அவர்கள் வருமானம் பணம் பெறாதவர்களைவிட 38 சதவீதம் அதிகம். ஒன்பது ஆண்டில் மற்றவர்களும் அந்த வருமானத்தை எட்டிப் பிடித்துவிட்டார்கள். ஆக, பணம் ஓட்டத்தைத் தொடங்கி வைக்கிறது, ஆயுளுக்கும் ஓட்டிக்கொண்டே இருப்பதில்லை. முதல் மூன்று நான்கு ஆண்டுகளில் எடுக்கும் முடிவுகளுக்குத்தான் கனம் அதிகம்.

பணம் வருவதற்கு முன்

ஒரு தாளில் பன்னிரண்டு மாதத்துக்குக் கட்டம் போடுங்கள். மேல் வரிசையில் அந்த மாதம் வரும் பணம், கீழ் வரிசையில் போகும் பணம். விதை, உரம், உழவு, ஆள்கூலி, பள்ளிச் செலவு, மருந்து, சாப்பாடு எல்லாம் எழுதுங்கள். மிச்சத்தை மாதாமாதம் கூட்டிக்கொண்டே வந்தால் எந்த மாதத்தில் பள்ளம் மிக ஆழம் என்று தெரியும். அந்தப் பள்ளத்தின் ஆழம்தான் நீங்கள் கைவைக்காமல் ஒதுக்கிவைக்க வேண்டிய தொகை. இந்தக் கணக்கைப் போடாமல் முழுப் பணத்துக்கும் ஆடு வாங்குகிறவர், மூன்றாவது மாதம் ஆட்டையே விற்றுச் சாப்பிட வேண்டிவரும். அதுவும் சந்தையில் எல்லாரும் விற்கிற மாதத்தில், பாதி விலைக்கு.

பணம் வரும் கணக்கு உங்கள் பெயரில் இருக்க வேண்டும். ரகசிய எண்ணைக் கேட்டு எந்த முறையான திட்டமும் ஆள் அனுப்பாது. பணத்தை விடுவிக்க முன்கட்டணம் கேட்டால் அது மோசடி, விவாதமே வேண்டாம்.

முதலில் கடன், பிறகு இருப்பு

மாத வட்டிக் கடன் இருந்தால் அதை அடைப்பதுதான் முதல் முதலீடு. மாதம் 5 சதவீதம் என்றால் ஆண்டுக்கு 60 சதவீதம். மழை, பூச்சி, விலை எதையும் பார்க்காமல் உறுதியாக 60 சதவீதம் கொடுக்கும் பயிர் கிடையாது. கடன் பல இருந்தால் விளைச்சலைத் தனக்கே விற்க வேண்டும் என்று கடன் கொடுத்தவர் போட்ட நிபந்தனையோடு வந்த கடனை முதலில் முடியுங்கள். அதில் வட்டியோடு விலையும் போகிறது. வட்டி குறைந்த வங்கிக் கடன், கூட்டுறவுக் கடன் இருந்தால் அவசரப்பட்டு அடைக்க வேண்டாம். தவணையைத் தவறாமல் கட்டினால் போதும்.

அடுத்தது, கட்டத்தில் கண்ட பள்ளத்துக்கான இருப்பு. வேறு கணக்கில் போட்டு வையுங்கள். உறவினர் கேட்டால் என்ன சொல்வது என்பதையும் முன்பே வீட்டில் பேசி வைத்துக்கொள்ளுங்கள். மொத்தத்தில் இவ்வளவுதான் கொடுப்போம் என்று கணவனும் மனைவியும் சேர்ந்து ஒரு வரம்பு வைத்துவிட்டால் மறுப்பதும் எளிது, மனத்தாங்கலும் குறைவு.

விதைப்புச் செலவு

மக்காச்சோளத்தை எடுத்துக்கொள்வோம், கணக்கு விளங்கும். வரிசைக்கு வரிசை 75 செ.மீ., செடிக்குச் செடி 25 செ.மீ. இடைவெளியில் ஏக்கருக்குச் சுமார் 21,000 செடி நிற்கும். விதை ஏறக்குறைய 8 கிலோ. விதைப்பதற்குப் பத்து நாள் முன்பு 100 விதையை ஈரத்துணியில் சுருட்டி நிழலில் வைத்து, ஏழாம் நாள் முளைத்ததை எண்ணுங்கள். 85க்கு மேல் என்றால் கவலை இல்லை. 70க்கும் கீழே போனால் திருப்பிக் கொடுத்து வேறு விதை வாங்க இன்னும் நாள் இருக்கிறது. விதைத்தபின் தெரிந்தால் பணமும் மழையும் சேர்ந்து போகும்.

உரத்தில் வழக்கமாக நடக்கும் தவறு, கையில் பணம் இருக்கிற உற்சாகத்தில் அடியுரத்தைத் தாராளமாகப் போட்டுவிட்டு மேலுரத்துக்குக் காசில்லாமல் நிற்பது. மக்காச்சோளம் தழைச்சத்தை வேகமாக இழுப்பது செடி முழங்கால் உயரம் வந்த பிறகுதான், அதாவது நான்கிலிருந்து ஆறு வாரத்துக்குள். மேலுர மூட்டையையும் அடியுரத்தோடு சேர்த்தே வாங்கி, தரையில் படாமல் பலகை மேல் அடுக்கிவையுங்கள். மேலுரமான யூரியாவை மண் ஈரமாக இருக்கும்போது செடியிலிருந்து ஒரு சாண் தள்ளிப் போட்டு, உடனே மண்ணால் மூடுங்கள். மேலே கிடந்தால் ஒரு பங்கு அம்மோனியாவாகக் காற்றில் போய்விடும். கார அமில நிலை (pH) 5.5க்குக் கீழே இருக்கும் மண்ணில் போடும் மணிச்சத்து பயிருக்குக் கிடைக்காமல் மண்ணிலேயே பிடித்துக்கொள்ளப்படும். அங்கே முதல் செலவு மண் பரிசோதனையும் சுண்ணாம்பும்தான், கூடுதல் உரம் அல்ல. புது ரகமோ புது உரமோ, முதல் போகத்தில் நிலத்தின் பத்தில் ஒரு பங்கில் மட்டும் போட்டுப் பாருங்கள்.

அறுவடையில் விற்காமல் வைத்திருப்பது

அறுவடையில் ஒரு தவணை கேளுங்கள் என்றது இதற்காக. ஆப்பிரிக்கச் சந்தைகளில் அறுவடைக்கும் தானியம் தட்டுப்படும் மாதங்களுக்கும் இடையே மக்காச்சோள விலை 25 முதல் 40 சதவீதம் ஏறுவது சகஜம். மேற்குக் கென்யாவில் அறுவடை நேரத்தில் விவசாயிகளுக்குக் கடன் கொடுத்து, தானியத்தை வைத்திருந்து விற்க வழி செய்தபோது, வட்டி போக முதலீட்டுக்கு 29 சதவீத ஆதாயம் கிடைத்ததாக ஆய்வு கண்டது. உதவித்தொகைக்கு வட்டியே இல்லை. பள்ளிக்கட்டணத்தையும் கூலியையும் அந்தப் பணத்தில் கட்டிவிட்டால் தானியத்தை அவசரமாக விற்க வேண்டியதில்லை.

ஆனால் வண்டு புகுந்தால் இந்த ஆதாயம் அத்தனையும் மாவாகக் கொட்டிப்போகும். எனவே காய்ச்சல் பதம் முக்கியம். மக்காச்சோளத்தில் ஈரம் 13 சதவீதம் அளவுக்கு இறங்க வேண்டும். ஈரமானி இல்லையென்றால் உப்புச் சோதனை போதும். நன்றாக உலர்ந்த கண்ணாடிப் பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு தானியம், இரண்டு மூன்று கரண்டி காய்ந்த உப்பு போட்டு மூடி, ஒரு நிமிடம் குலுக்கிக் கால் மணி நேரம் வையுங்கள். உப்பு பாட்டில் சுவரில் ஒட்டினால் ஈரம் 15 சதவீதத்துக்கு மேல். ஒட்டாமல் விழுந்தால் 15க்குக் கீழே. பலர் இந்த இடத்தில் நிறுத்திவிடுகிறார்கள். ஒட்டவில்லை என்பதால் 13க்கு வந்துவிட்டது என்று அர்த்தமில்லை. தார்ப்பாயில் இன்னும் இரண்டு நாள் நல்ல வெயில் காட்டுங்கள்.

பிறகு காற்றுப்புகாத சாக்கு. இதில் வெளியே நெய்த சாக்கும் உள்ளே இரண்டு கனமான பாலித்தீன் உறைகளும் இருக்கும். தானியத்தில் இருக்கும் பூச்சியே உள்ளிருக்கும் ஆக்சிஜனைச் செலவழித்துவிட்டு, பெருக முடியாமல் செத்துப்போகும், மருந்து தேவையில்லை. ஒவ்வொரு உறையிலும் காற்றை நிரப்பி, வாயைப் பிடித்து அழுத்தி, காதருகே வைத்துப் பாருங்கள். புஸ் என்று சத்தம் கேட்டால் அந்த உறை ஆகாது. நிரப்பும்போது அழுத்தி அழுத்திக் காற்றை வெளியேற்றி, உள் உறையை முறுக்கி மடக்கிக் கட்டி, அடுத்த உறையைத் தனியாகக் கட்டி, கடைசியில் சாக்கைக் கட்டுங்கள். முதல் இரண்டு மாதம் திறக்கக் கூடாது. வீட்டுத் தேவைக்கு வேண்டியதைத் தனிச் சாக்கில் வையுங்கள். சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி, பலகை மேல் அடுக்குங்கள். எலிக்கு உறை ஒரு பொருட்டில்லை.

கணக்கு இப்படி இருக்கும். அறுவடையில் 100க்கு விற்பது ஆறு மாதத்தில் 130 ஆனால், சாக்குச் செலவுக்கு 5, சேதாரத்துக்கு 2 கழித்தாலும் 23 நிற்கும். விலை ஏறாத ஆண்டும் வரும். கடந்த மூன்று நான்கு ஆண்டு விலையை உள்ளூர் வியாபாரிகளிடம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். மூன்றில் ஒரு பங்கை அறுவடையிலேயே விற்று, மீதியை இரண்டு தடவையாக விற்றால் ஒரே விலையில் மாட்டிக்கொள்ள மாட்டீர்கள்.

ஆடு, கோழி, தண்ணீர்

மிச்சமிருக்கும் பணத்துக்குத்தான் இவை. வெள்ளாட்டுக்குச் சினைக்காலம் 150 நாள். இன்று இளம் பெட்டை வாங்கினால் விற்கிற அளவுக்குக் குட்டி வளர ஒன்றரை ஆண்டாவது ஆகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். வாங்கும்போது கீழ் இமையை விரலால் இழுத்து உட்புறம் பாருங்கள். சிவந்திருந்தால் நல்லது, வெளுத்திருந்தால் குடற்புழு இரத்தத்தைக் குடித்துக்கொண்டிருக்கிறது. வந்த ஆட்டை மூன்று வாரம் தனியே கட்டுங்கள். ஆடு வாங்க வைத்த தொகையில் ஐந்தில் ஒரு பங்கைக் கொட்டகை, குடற்புழு மருந்து, ஆட்டுக்கொல்லி நோய்த் தடுப்பூசி ஆகியவற்றுக்கு நிறுத்திவையுங்கள். 25 கிலோ ஆடு நாளுக்கு நான்கைந்து கிலோ பசுந்தீவனம் தின்னும். கோடையில் அதற்கு எங்கே போவது என்று பதில் இல்லையென்றால் எண்ணிக்கையைக் குறையுங்கள். கோழியில் கூட்டத்தையே ஒரே வாரத்தில் அழிப்பது வெள்ளைக் கழிச்சல். தடுப்பு மருந்து தவறாமல் போட முடியாத இடத்தில் பத்துக்கு மேல் வளர்க்க வேண்டாம்.

பம்பு வாங்குவதற்கு முன் தண்ணீரை அளந்து பாருங்கள். காய்கறிக்கு வெயில் காலத்தில் நாளுக்குச் சதுர மீட்டருக்கு 5 லிட்டர் என்றால், கால் ஏக்கரான 1,000 சதுர மீட்டருக்கு 5,000 லிட்டர். 20 லிட்டர் வாளி பத்து நொடியில் நிறையும் பம்புக்கு 42 நிமிட வேலை. கோடையின் உச்சத்தில் உங்கள் கிணறு அவ்வளவு நேரம் தாங்குகிறதா, மறுநாளைக்குள் ஊறிவிடுகிறதா என்பதை இரவல் பம்பு வைத்தாவது பார்த்துவிடுங்கள்.

நிலம் யார் பெயரில்?

இளம் விவசாயிகளின் பணம் அதிகம் முடங்குவது இங்கேதான், இதைப் பற்றிப் பேசத்தான் எல்லாருக்கும் கூச்சம். நிலம் அப்பா பெயரிலோ அண்ணன் பெயரிலோ குத்தகையிலோ இருக்கும். அதில் கிணறு தோண்டி, வேலி போட்டு, மரக்கன்று வைத்து, மண் செழித்த பிறகு நிலம் திரும்பக் கேட்கப்படும். எத்தனை ஆண்டு, விளைச்சலில் யாருக்கு எவ்வளவு, நிலத்தோடு ஒட்டியதற்கு ஈடு என்ன என்று சாட்சிக் கையெழுத்தோடு எழுத்தில் வரும்வரை, தூக்கிக்கொண்டு போகக்கூடிய பொருளில் மட்டும் பணம் போடுங்கள்: கால்நடை, பம்பு, தெளிப்பான், சேமிப்புச் சாக்கு.

கணக்கு நோட்டில் உங்கள் உழைப்பு நாளையும் எழுதுங்கள். போகம் முடிந்ததும் விற்ற பணத்திலிருந்து செலவைக் கழித்து, மிச்சத்தை உழைத்த நாட்களால் வகுத்தால் உங்கள் நாள்கூலி தெரியும். பருவம் சரியாக இருந்தும் இரண்டு போகம் தொடர்ந்து அது பிறர் வயலில் கிடைக்கும் கூலிக்குக் கீழேயே நின்றால், அந்தப் பயிரைச் சாப்பாட்டுக்கு வேண்டிய அளவோடு நிறுத்தி, மிச்சப் பணத்தை வேறு பயிருக்கோ தொழிலுக்கோ திருப்புங்கள்.