நாற்காலியைச் சாய்க்கும் முன் பேசுங்கள்

திண்டுக்கல்லில் நான் பல் மருத்துவம் பார்க்கத் தொடங்கி 22 ஆண்டுகள் ஆகின்றன. புதிதாகத் தொழிலுக்கு வரும் தம்பி தங்கைகள் பெரும்பாலும் கருவிகளைப் பற்றித்தான் கேட்கிறார்கள். நான் முதலில் சொல்வது வேறு. நோயாளியைப் படுக்க வைத்து, வாய்க்குள் கண்ணாடியை விட்ட பிறகு சிகிச்சையை விளக்காதீர்கள். விளக்கு கண்ணைக் கூசும்போது, முகக்கவசத்துக்குப் பின்னாலிருந்து நாம் எதைச் சொன்னாலும் அவர் "ம்" என்பார். அது சம்மதம் ஆகாது. நாற்காலியை நிமிர்த்துங்கள், கவசத்தைக் கழற்றுங்கள், எதிரே உட்கார்ந்து பேசுங்கள்.

இதை எனக்கு உணர்த்தியவர் ஒரு பாட்டி. கீழ்க் கடைவாய்ப் பல்லில் சொத்தை நரம்பு வரை இறங்கியிருந்தது. வேர் சிகிச்சைக்கு மூன்று முறை வர வேண்டும் என்றேன்; தலையாட்டினார். முதல் நாள் பல்லைத் திறந்து, கெட்ட நரம்பை எடுத்து, மருந்து வைத்துத் தற்காலிகமாக அடைத்து அனுப்பினேன். எட்டு மாதம் கழித்துக் கன்னம் வீங்கி வந்தார். "அன்றைக்கே வலி நின்றுவிட்டதே தாயி, பிறகு எதற்கு என்று இருந்துவிட்டேன்" என்றார். அந்தப் பல்லைக் காப்பாற்ற முடியவில்லை. எத்தனை முறை என்று சொன்ன நான், ஏன் என்று சொல்லவில்லை.

இப்போது இப்படிச் சொல்கிறேன்: "அம்மா, இன்றோடு வலி குறைந்துவிடும், ஆனால் வேலை முடியவில்லை. வேருக்குள் இருக்கும் குழாயைச் சுத்தம் செய்து நிரந்தரமாக அடைக்க வேண்டும். இன்று வைத்திருப்பது தற்காலிக அடைப்பு. அது தேய்ந்தால் கிருமி மறுபடி உள்ளே போய்விடும்." சொல்லி முடித்ததும் "புரிந்ததா?" என்று கேட்பதில்லை. டாக்டரிடம் புரியவில்லை என்று சொல்ல நம் ஊரில் யாருக்கும் மனம் வராது. "வீட்டுக்குப் போனதும் மகன் கேட்டால் என்ன சொல்வீர்கள்?" என்று கேட்கிறேன். அவர் சொல்லும் பதிலில், நான் எங்கே சரியாகச் சொல்லவில்லை என்பது தெரிந்துவிடும்.

மேல் பல்லைப் பிடுங்கினால் கண் பார்வை போய்விடும் என்ற பயம் பலருக்கு உண்டு. அவர்களாகக் கேட்க மாட்டார்கள், நீங்களே பேச்சை எடுங்கள். சிரிக்காதீர்கள். பார்வைக்கு உரிய நரம்பு வேறு, பல்லுக்கு உரிய நரம்பு வேறு என்று விரலால் தொட்டுக் காட்டினால் போதும். பல்லைச் சுத்தம் செய்தால் பல் ஆடும் என்பதும் அப்படித்தான். தொடங்கும் முன்பே கைக்கண்ணாடியைக் கொடுத்து, ஈறு ஓரம் படிந்த காரையைக் காட்டுங்கள். பிறகு இடைவெளி தெரிந்தால், அது காரை இருந்த இடம் என்று அவருக்கே விளங்கும்.

பெற்றோரிடம் அதிகம் பேச வேண்டியது ஆறு வயதில் முளைக்கும் கடைவாய்ப் பல்லைப் பற்றி. எந்தப் பால் பல்லும் விழாமல், பால் பல் வரிசைக்குப் பின்னால் அது தானாக முளைப்பதால், "விழுந்து முளைக்கும் பல்தானே" என்று விட்டுவிடுகிறார்கள். நடுவிலிருந்து எண்ணி ஆறாவது பல்லைக் காட்டி, இது இனி விழாது, போனால் போனதுதான் என்று சொல்லுங்கள். இதற்குச் செலவழிக்கும் இரண்டு நிமிடம் அந்தக் குழந்தைக்கு வாழ்நாள் முழுக்க உதவும்.

பணத்தை மறைக்காமல் பேசுங்கள். வேர் சிகிச்சைக்கு ஒரு தொகை சொல்லிவிட்டு, கடைசி நாளில் பல்லின் மேல் மாட்டும் கேப்புக்கு இன்னொரு தொகை கேட்டால் நம்பிக்கை போய்விடும். மொத்தத்தையும் தமிழில் தாளில் எழுதிக் கொடுங்கள். பிடுங்கிவிடுவது இன்னொரு வழி என்பதையும், அந்த இடத்தை வெறுமனே விட்டால் பக்கத்துப் பல் சாயக்கூடும் என்பதையும் சொல்லி, முடிவை அவரிடம் விடுங்கள்.

"வேறு மாத்திரை சாப்பிடுகிறீர்களா?" என்றால் இல்லை என்பார்கள். "காலையில் எழுந்ததும் என்ன மாத்திரை போடுவீர்கள்?" என்று கேளுங்கள். இதயத்துக்காகப் போடும், ரத்தம் உறைவதைக் குறைக்கும் ஆஸ்பிரின் அப்போதுதான் வெளியே வரும்.

ஊசி வலிக்கவே வலிக்காது என்று ஒருபோதும் சொல்லாதீர்கள். "சில விநாடி சுள்ளென்று இருக்கும். பிறகு அழுத்துவது தெரியும், வலி தெரியக் கூடாது. தெரிந்தால் இடது கையைத் தூக்குங்கள்" என்று சொல்லுங்கள். கை உயர்ந்தால் அந்த நொடியே நிறுத்துங்கள். ஒருமுறை நிறுத்திக் காட்டினால், இறுகப் பிடித்த விரல்கள் தளர்வதைப் பார்ப்பீர்கள்.

அனுப்பும்போது இன்னொன்று. உதடு மரத்திருக்கும் இரண்டு மூன்று மணி நேரத்துக்குச் சூடான காப்பி வேண்டாம். குழந்தை என்றால், மரத்த உதட்டைக் கடிக்காமல் பார்த்துக்கொள்ளத் தாயிடம் சொல்லுங்கள். சொல்லாமல் விட்டால், மறுநாள் காலை வீங்கிய உதட்டோடு பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பதறி ஓடிவருவார்.