பொத்தான் எரிகிறது, லைட் எரியவில்லை: டார்ச் செயலியில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போடிமெட்டைத் தாண்டிக் கேரளப் பக்கம் போனால் பூப்பாறை, சாந்தன்பாறை, சின்னக்கானல் என்று எங்கே பார்த்தாலும் ஏலத்தோட்டம்தான். பறிப்புக் காலத்தில் ஸ்டோரில், அதாவது காய் உலர்த்தும் கட்டடத்தில், விடிய விடிய காய் உலரும். அடுப்புக்கு விறகு தள்ள ஓர் ஆள் இருந்தாக வேண்டும். என் மாமாவுக்கு அந்த வேலை. ஸ்டோரிலிருந்து வீட்டுக்கு வரும் ஒற்றையடிப் பாதையில் தெருவிளக்கு கிடையாது. 2023 ஏப்ரலில் சின்னக்கானலில் அரிக்கொம்பன் என்ற காட்டு யானையைப் பிடித்துக்கொண்டு போனார்கள், ஆனால் மற்ற யானைகள் இங்கேதான் நடமாடுகின்றன. அவருக்காகத்தான் பெரிய பொத்தான் வைத்த ஒரு டார்ச் செயலி எழுதிக் கொடுத்தேன். ஒரு வாரம் கழித்துக் கூப்பிட்டார். "மாப்ள, பொத்தான் எரியுதுன்னு காட்டுது, லைட்டு எரியல."

நடந்தது இதுதான். பாதி வழியில் மகள் வீடியோ காலில் வந்திருக்கிறாள். கேமரா அந்த அழைப்புக்குப் போனதும் லைட் அணைந்துவிட்டது. பேசி முடித்துத் திரும்பினால் செயலியில் பொத்தான் இன்னும் மஞ்சளாகவே இருக்கிறது. அழுத்தினார், ஒன்றும் நடக்கவில்லை. இன்னொரு முறை அழுத்திய பிறகுதான் எரிந்தது. காரணம், லைட் எரிகிறதா இல்லையா என்பதை நான் என் நிரலில் ஒரு மாறியில் (மதிப்பைக் குறித்து வைக்கும் பெயரில்) எழுதி வைத்து, அதை நம்பியிருந்தேன். மாறி 'எரிகிறது' என்றே சொன்னதால் முதல் அழுத்தம், ஏற்கெனவே அணைந்த லைட்டை அணைக்கச் சொல்லிவிட்டது.

டார்ச் செயலி எழுதுகிறவர்கள் செய்யும் தவறுகளில் இதுதான் பெரியது என்பேன். அந்த லைட் நம் செயலிக்கு மட்டும் சொந்தமானது இல்லை. மேலிருந்து இழுக்கும் பட்டியலில் உள்ள டார்ச் பொத்தானை யாரும் தட்டலாம், வேறு செயலி அணைக்கலாம், கேமரா செயலி திறந்தால் பறிபோகலாம். ஆண்ட்ராய்டில் இதற்காகவே டார்ச்கால்பேக் இருக்கிறது. கேமராக்களைக் கவனிக்கும் கேமராமேனேஜரிடம் அதைப் பதிவு செய்தால், பதிவு செய்த உடனேயே இப்போதைய நிலையைச் சொல்லும், பிறகு மாறும்போதெல்லாம் சொல்லும். பொத்தானின் நிறம் அந்தச் செய்தியைக் கேட்டு மட்டுமே மாற வேண்டும், விரல் பட்டதற்காக மாறக் கூடாது. 'இப்போது கிடைக்காது' என்று தனியாக ஒரு செய்தியும் அதில் வரும். அப்போது பொத்தானை மங்கலாக்கி, 'கேமராவை வேறு செயலி பயன்படுத்துகிறது' என்று தமிழில் ஒரு வரி காட்டுங்கள். வரும் பிழையைப் பிடிக்கும் கேட்ச் கட்டளையை வெறுமனே போட்டு விழுங்கிவிட்டால், இருட்டில் நிற்கிறவருக்குத் தன் போன் கெட்டுப்போச்சோ என்றுதான் தோன்றும். திரை மூடும்போது கால்பேக்கை விலக்கிக்கொள்ளவும் மறக்காதீர்கள்.

அடுத்தது, கேமரா எண்ணை '0' என்று நேரடியாக எழுதிவிடுவது. பெரும்பாலான போன்களில் அது பின்பக்கக் கேமராவாக அமைவதால் தவறு தெரிவதில்லை. பட்டியலைக் கேட்டு வாங்கி, ஒவ்வொன்றிலும் ஃப்ளாஷ் இருக்கிறதா, பின்பக்கம் பார்க்கிறதா என்று இரண்டையும் சோதித்து எடுங்கள். ஃப்ளாஷே இல்லாத கேமராவிடம் டார்ச் கேட்டால் செயலி விழுந்துவிடும்.

அனுமதி விஷயத்தில் எனக்குக் கோபமே வரும். 2015இல் வந்த ஆண்ட்ராய்டு 6.0 முதல் செட்டார்ச்மோட் என்ற ஒரே கட்டளை போதும், அதற்குக் கேமரா அனுமதி வேண்டாம். அதற்கு முந்தைய முறையில் கேமராவையே திறந்து, முன்னோட்டத்தை ஓடவிட்டு, ஃப்ளாஷை டார்ச் நிலைக்கு மாற்ற வேண்டும், அதற்கு அனுமதியும் வேண்டும். பழைய பாடங்களைப் பார்த்து இன்றும் அப்படியே எழுதுகிறார்கள். சிலர் இருப்பிடத்தையும் சேர்த்துக் கேட்கிறார்கள். 2013 டிசம்பரில் அமெரிக்காவின் வணிகக் கண்காணிப்பு ஆணையம், ஒரு பிரபலமான டார்ச் செயலி பயனர்களின் இருப்பிடத்தை அவர்களுக்குத் தெரியாமல் விளம்பர நிறுவனங்களுக்குக் கொடுத்ததென்று நடவடிக்கை எடுத்தது. எங்கள் ஊர்ப் பெரியவர்கள் திரையில் என்ன வந்தாலும் 'அனுமதி' என்பதையே தட்டுவார்கள். அவர்களுக்காக எழுதுகிறவர் தேவையில்லாததைக் கேட்கவே கூடாது.

அப்புறம், திரை மறைந்தவுடன் லைட்டை அணைப்பது. பல பாடங்களில், திரை பின்னுக்குப் போகும்போது ஆண்ட்ராய்டு அழைக்கும் ஆன்பாஸ் வந்ததும் அணைக்கச் சொல்லியிருக்கும். நடக்கிறவர் போனைப் பூட்டி, கையில் தொங்கவிட்டுக்கொண்டு போவார், இந்த நிரல் அவரை நடுவழியில் இருட்டில் விட்டுவிடும். அந்த வரியை எடுத்தால் மட்டும் போதாது. லைட்டை ஏற்றிய செயலியின் இயக்கமே நின்றால் ஆண்ட்ராய்டு லைட்டையும் அணைத்துவிடும், நினைவகம் குறைந்த போனில் அது எப்போது வேண்டுமானாலும் நடக்கலாம். எனவே எரியும் நேரம் முழுவதும் அறிவிப்புடன் கூடிய முன்னணிச் சேவை ஒன்றை, அதாவது திரை மறைந்தாலும் தொடர்ந்து ஓடும் பகுதியை, ஓடவிடுங்கள். ஆண்ட்ராய்டு 14இலிருந்து அந்தச் சேவையின் வகையையும் அறிவிக்க வேண்டும். டார்ச்தானே என்று கேமரா வகையைப் போட்டால் கேமரா அனுமதி மறுபடி வாசலில் வந்து நிற்கும். மற்ற வகைகளில் சேராதவற்றுக்கான ஸ்பெஷல்யூஸ் வகைதான் பொருந்தும்.

ஆபத்துக்கு எஸ்ஓஎஸ் மினுக்கம் (மோர்ஸ் குறியீட்டில் புள்ளியும் கோடுமாக உதவி கேட்பது) வைக்கலாம், நல்லதுதான். ஆனால் திரையையும் தொடுதலையும் கவனிக்கும் முதன்மை இழையில், காத்திருக்கச் சொல்லும் ஸ்லீப் கட்டளையைப் போட்டு எழுதாதீர்கள். அது தூங்கும்போது பொத்தானும் தூங்கும், தொடுதலுக்கு 5 விநாடி பதில் இல்லையென்றால் 'செயலி இயங்கவில்லை' என்று ஆண்ட்ராய்டு சொல்லிவிடும். முதன்மை இழையை நிறுத்தாமல் காத்திருக்க உதவும் ஹேண்ட்லரோ கோரூட்டீனோ பயன்படுத்துங்கள். வேகத்திலும் கவனம் வேண்டும். விநாடிக்கு 3 மினுக்கத்தைத் தாண்டினால் ஒளியால் வலிப்பு வரக்கூடியவர்களுக்கு ஆபத்து. புள்ளிக்கு 200 மில்லிவிநாடி, இடைவெளிக்கு 200 என்று வைத்தால் விநாடிக்கு இரண்டரைதான் வரும். கோடு என்பது மூன்று புள்ளி நீளம், அதாவது 600.

வெளிச்சம் அதிகமாக இருந்தால் நல்லதென்று நானும் நினைத்திருந்தேன். மலையில் மூடுபனி இறங்கிய இரவில் முழு வெளிச்சம் போட்டுப் பாருங்கள். ஒளி பனித்துளிகளில் பட்டுக் கண்ணுக்கே திரும்பி வரும், எதிரே வெள்ளைச் சுவர் மட்டும் நிற்கும், காலடிகூடத் தெரியாது. குறைத்தால்தான் பாதை தெரிகிறது. ஆண்ட்ராய்டு 13 முதல் டார்ச்சின் வலுவைக் கூட்டிக் குறைக்கும் கட்டளை இருக்கிறது, ஆனால் எல்லாப் போனிலும் வேலை செய்யாது. அதிகபட்ச அளவு எவ்வளவு என்று முதலில் கேளுங்கள். 1 என்று வந்தால் அந்தப் போனால் முடியாது, அங்கே வெளிச்சம் குறைக்கும் பட்டையைக் காட்டவே வேண்டாம். குறைத்து வைத்தால் பேட்டரி நிற்கும், போனும் சூடாகாது.

கணினியில் போனைப்போல் நடிக்கும் எமுலேட்டரில் ஓடியதை வைத்து முடிவு செய்யாதீர்கள். வீட்டில் இருப்பதிலேயே பழைய, மலிவான போனை எடுத்து, லைட்டை ஏற்றிவிட்டு வீடியோ கால் வரவழையுங்கள். கேமராவைத் திறந்து மூடுங்கள். மேல் பட்டியலில் அணையுங்கள். பூட்டிவிட்டுப் பத்து நிமிடம் நடந்துவிட்டு வாருங்கள். ஒவ்வொரு முறையும் பொத்தானையும் லைட்டையும் சேர்த்துப் பாருங்கள்.

திருத்திய செயலியைப் போட்டுக் கொடுத்த அன்று மாமா ஸ்டோர் வாசலில் நின்று மகளை வீடியோ காலில் கூப்பிடச் சொன்னார். லைட் அணைந்தது, பொத்தானும் அணைந்தது. பேசி முடித்துவிட்டு ஒரே ஒரு முறை அழுத்தினார்.