டியூப் அப்பறம், மொதல்ல மூச்சு: ரோட்டோர எமர்ஜென்சிக்கும் ஆம்புலன்ஸ் ஷிஃப்டிங்குக்கும் சில பாடம்

இது நம்ம பக்கத்து தாலுகா ஜிஎச்ல புதுசா டூட்டி சேர்ந்திருக்கற டாக்டருங்களுக்கும் ஆம்புலன்ஸ்ல போற பசங்களுக்கும் எழுதறதுங்க, ஆனா மொத பாதி ரோட்டுல வண்டி ஓட்டற எல்லாருக்குமே உதவும், படிச்சு வச்சுக்கங்க. நான் மயக்க மருந்து டாக்டர். மூச்சுக்குழாய்க்குள்ள டியூப் போடறதுதான் பெரிய வித்தைன்னு நெனச்சு வர்ற பசங்களுக்கு நான் திரும்பத் திரும்ப சொல்றது, நோயாளியக் காப்பாத்தறது டியூப் இல்ல, ஆக்சிஜன், அது மூளைக்கு எந்த வழியா போய் சேர்ந்தாலும் சரி.

544 பைபாஸ்ல பெருந்துறைக்கும் அவிநாசிக்கும் நடுவுல ஒருத்தர் பைக்ல இருந்து விழுந்து மயங்கிக் கெடக்கறார்னு வைங்க. தாடை தளந்து நாக்கு பின்னால சரிஞ்சு தொண்டைய அடைக்கும், கொறட்ட மாதிரி சத்தம் வரும், சுத்தி நிக்கறவங்க மூச்சு நல்லாத்தான் வருதுங்கன்னு சொல்லுவாங்க. அந்தக் கொறட்டதாங்க மூச்சு பாதி அடைஞ்சு போச்சுங்கறதுக்கு அடையாளம். தலைமாட்டுல மண்டி போட்டு உக்காருங்க, ரெண்டு கை வெரலையும் காது மடலுக்குக் கீழ தாடை எலும்பு திரும்பற மூலைக்குப் பின்னால வைங்க, கழுத்த மடக்காம திருப்பாம தாடைய மட்டும் மேல தூக்குங்க, கீழ்ப்பல்லு மேல்பல்லுக்கு முன்னால வர்ற வரைக்கும். கொறட்ட நின்னு நெஞ்சு ஏறி எறங்கினா வழி தெறந்துருச்சு. கைய எடுத்தா திரும்ப அடைச்சுக்கும், அதனால வண்டி வர்ற வரைக்கும் புடிச்சே இருக்கணும்.

சோடா, தண்ணி, எதையும் வாயில ஊத்தாதீங்க. மயக்கத்துல முழுங்கத் தெரியாது, நேரா நொரையீரலுக்குப் போயிரும். பாசத்துலதான் ஊத்தறாங்க, தெரியுது, ஆனா அந்த ஒரு வாய் சோடாவுக்கு பொறவு ஐசியூல நிமோனியாவோட மல்லுக்கட்டணும். வாந்தி வந்தா ஒருத்தர் தலைய புடிச்சுக்க, மத்தவங்க தோளையும் இடுப்பையும் புடிச்சு ஒடம்பு மொத்தத்தையும் ஒரே கட்டையா பக்கவாட்டுல திருப்புங்க. போலீஸ் கேஸ் ஆயிருமோன்னு பயப்படாதீங்க, நல்லெண்ணத்துல உதவி செய்யறவங்க மேல கேஸ் போடக்கூடாதுன்னு 2019ல மோட்டார் வாகனச் சட்டத்துலயே 134ஏன்னு பிரிவு சேர்த்துட்டாங்க. 108க்குக் கூப்புடுங்க, மைல்கல்லையோ பக்கத்துல இருக்கற பெட்ரோல் பங்கையோ அடையாளம் சொல்லுங்க.

இனி ஆம்புலன்ஸ் பசங்களுக்கு. அம்பு பேக் (மாஸ்க் வச்சு கையால அமுக்கி காத்து குடுக்கற பை), அத ஒத்தக் கையில மாஸ்க்கயும் இன்னொரு கையில பேக்கயும் புடிச்சு போடறது பாக்க நல்லாருக்கும், காத்தெல்லாம் சைடுல போயிரும். ரெண்டு பேரா செய்யுங்க, ஒருத்தர் ரெண்டு கையாலயும் மாஸ்க்க முகத்தோட சேத்துப் புடிச்சு தாடைய மாஸ்க்குக்குள்ள தூக்கணும் (மாஸ்க்க முகத்துல அழுத்தறது இல்ல), இன்னொருத்தர் அமுக்கணும். பெரியவங்க பேக் ஒன்னரை லிட்டர் கிட்ட இருக்கும், நமக்கு வேண்டியது மூணுல ஒரு பங்கு, நெஞ்சு லேசா ஏறினா போதும். அஞ்சாறு செகண்டுக்கு ஒரு தரம். பதட்டத்துல எல்லாருமே வேகமாத்தான் அமுக்குவாங்க, காத்து வயித்துக்குப் போய் வாந்தி வரும், தலைக்காயமா இருந்தா கார்பன் டை ஆக்சைடு ரொம்ப எறங்கி மூளைக்குப் போற ரத்தமே கொறைஞ்சுரும். வாய் விட்டு எண்ணிட்டே அமுக்குங்க.

டாக்டருங்க மயக்க மருந்து குடுத்து டியூப் போடறதப் பத்தி இப்ப. இது பழகினவங்க மட்டும், சக்ஷனும் (வாயில இருக்கறத உறிஞ்சி எடுக்கற மெஷின்) மானிட்டரும் ஓடற எடத்துல மட்டும். ஓடற வண்டிக்குள்ள முயற்சி பண்ணவே வேணாம். ஸ்ட்ரெச்சர எறக்கி இடுப்பு உயரத்துல வச்சு, சுத்தி நடக்க எடம் விட்டு செய்யுங்க, உச்சி வெயில்ல தொண்டைக்குள்ள ஒண்ணும் தெரியாது, ஒரு போர்வைய ரெண்டு பேரு மறைப்பா புடிச்சா போதும். தலைப்பக்கம் கொஞ்சம் தூக்கி வச்சு, மூணு நிமிஷம் முழு ஆக்சிஜன், மூக்குல தனியா ஒரு கனுலா (சின்ன ஆக்சிஜன் குழாய்), அத டியூப் போடும்போதும் எடுக்காதீங்க. மயக்க மருந்து கெட்டமின் கிலோவுக்கு 1ல இருந்து 2 மில்லிகிராம், ஆனா பிபி எறங்கிக் கெடக்கறவங்களுக்கு அதுல பாதி. தசையத் தளத்தற மருந்துல அப்படிக் கொறைக்காதீங்க, ரோகுரோனியம் கிலோவுக்கு 1.2 மில்லிகிராம் முழுசா போடணும், ஷாக்ல ரத்த ஓட்டம் மெதுவா இருக்கறதால வேலை செய்ய நேரமாகும். சாச்சுரேஷன் (ரத்தத்துல ஆக்சிஜன் அளவு) 93 சதவீதத்துக்கு எறங்கினா அங்கயே நிறுத்தி மாஸ்க்குக்கு வந்துருங்க, இன்னும் ஒரு செகண்டு பாக்கறேன்னு நிக்காதீங்க. மானிட்டர் காட்டற நம்பர் ஒடம்புல நடக்கறதுக்குப் பின்னாலதான் வரும்.

நம்ம ஊருக்குன்னு ரெண்டு விஷயம் இருக்குங்க. ஒண்ணு பூச்சி மருந்து குடிச்சு வர்றவங்க. ஆர்கனோபாஸ்பேட்ங்கற பூச்சி மருந்து கேஸ்ல ஸ்கோலின்ங்கற தளர்வு மருந்து போடாதீங்க, அத ஒடைக்கற என்சைமையே அந்தப் பூச்சி மருந்து முடக்கி வச்சிருக்கும், அஞ்சு பத்து நிமிஷத்துல தெளிய வேண்டிய தளர்வு மணிக்கணக்குல இழுக்கும். வாயில நொரை பொங்கிட்டே இருக்கும், சக்ஷன் கையில, அந்த நொரையக் கொறைக்கற அட்ரோபின் ஊசியில ஏத்தி ரெடியா.

இன்னொண்ணு கட்டுவிரியன். ராத்திரி தோட்டத்துச் சாளைல (தோட்டத்து வீட்டுல) வெறுந்தரையில படுத்திருப்பாங்க, கடிச்சதே தெரியாது, விடியக்காலைல வயித்த வலின்னு எந்திரிப்பாங்க, அப்பறம் கண்ணு எமை தொங்கும், பேச்சு கொழறும், மூச்சு நிக்கும். கூட்டிட்டு வரும்போது கை கால் அசையாது, கண்ணு தெறக்காது, டார்ச் அடிச்சா கண்ணு பாப்பா கூட சுருங்காம விரிஞ்சே இருக்கலாம். உயிர் இல்லைன்னு முடிவு கட்டிராதீங்க! அந்த ஆளுக்கு நெனவு முழுசா இருக்கு, நாம பேசறதெல்லாம் கேக்குது. மூச்சு குடுத்துட்டே இருந்தா மீண்டு நடந்து வீட்டுக்குப் போவாங்க. காதுகிட்ட குனிஞ்சு, நாங்க மூச்சு குடுத்துட்டு இருக்கோம், பயப்படாதீங்கன்னு சொல்லுங்க, டியூப் போட்டா தூக்க மருந்தும் குடுங்க.

இதே கதி நாமளே மருந்து குடுத்தவங்களுக்கும் வரும். கெட்டமின் பதினஞ்சு இருவது நிமிஷத்துல விட்டுரும், ரோகுரோனியம் ஒரு மணி நேரத்துக்கு மேலயும் நிக்கும். சத்தியமங்கலத்துல டியூப் போட்டு கோயமுத்தூருக்கு அனுப்பினா, புளியம்பட்டி தாண்டறதுக்குள்ள அவங்க முழிச்சுக்கலாம், அசைய முடியாது. நாடி ஏறும், பிபி ஏறும், கண்ணோரம் தண்ணி வழியும். தூக்க மருந்தும் வலி மருந்தும் ஓடிட்டே இருக்கணும்.

கெளம்பறதுக்கு முன்னாடி சிலிண்டர் கணக்கு. பி டைப் சிலிண்டர் 10 லிட்டர் கொள்ளளவு, கேஜ்ல 100 பார் காட்டுதுன்னா பெருக்கிப் பாருங்க, ஆயிரம் லிட்டர். நிமிஷத்துக்கு 15 ஓடினா ஒரு மணி நேரம் சொச்சம்தான். தாளவாடியில இருந்து திம்பத்தோட 27 கொண்டை ஊசி வளைவும் எறங்கி சத்தி வர்றதுக்கே ஒரு மணி நேரத்துக்கு மேல ஆகும், அதனால வேண்டியதுக்கு ரெண்டு மடங்கு ஏத்திட்டுக் கெளம்புங்க. டியூப் பல்லுகிட்ட எத்தன சென்டிமீட்டர்ல இருக்குன்னு பிளாஸ்டர்ல எழுதி ஒட்டுங்க, ஆம்பளைங்களுக்கு 22, 23, பொம்பளைங்களுக்கு 20, 21. ஸ்ட்ரெச்சர் மாத்தும்போது, வண்டி ஏத்தும்போது, வளைவுல குலுங்கும்போது, ஒவ்வொரு தடவையும் அதப் பாருங்க, கேப்னோகிராஃப் (வெளிய விடற மூச்சுல கார்பன் டை ஆக்சைட அலையா காட்டற மெஷின்) இருந்தா அலை வருதான்னு பாருங்க, அலை இல்லைன்னா டியூப் வெளிய வந்துருச்சுன்னே எடுத்துக்கணும்.

போற ஆஸ்பத்திரிக்கு முன்கூட்டியே போன் பண்ணி, என்ன மருந்து எத்தன மணிக்கு எவ்வளவு குடுத்தோம்னு ஒரு தாளுல எழுதி கேஸ் ஷீட்டோட பின் பண்ணி அனுப்புங்க.