ஸ்பைரோமீட்டருக்கு அறையின் வெப்பநிலை சரியாகத் தெரிகிறதா?

ஸ்பைரோமீட்டர் என்பது நாம் ஊதும் மூச்சுக்காற்றின் அளவை அளக்கும் கருவி. நுரையீரலிலிருந்து வரும் காற்று 37 டிகிரி செல்சியஸில், ஈரம் நிறைந்து இருக்கும். கருவிக்குள் குளிர்ந்ததும் அதன் கன அளவு சுருங்கிவிடும். அந்தக் குறைவை ஸ்பைரோமீட்டர் கணக்கிட்டு ஈடுகட்டுகிறது. கணக்குக்கு அடிப்படை அறை வெப்பநிலைதான். அறை 25 டிகிரியில் இருக்க, கருவியில் 20 என்று பதிவாகியிருந்தால் அளவு சுமார் 2.5 சதவீதம் கூடுதலாகக் காட்டும். 4 லிட்டரில் அது 100 மில்லிலிட்டர். நோயாளி தேறிவருகிறார் என்று தவறாக நம்ப இதுவே போதும்!

ஆகவே நம்பகமான வெப்பமானியைக் கருவியின் பக்கத்திலேயே வையுங்கள். வெயிலும் ஏசி காற்றும் நேராகப் படக்கூடாது. அளவுத்திருத்தத்துக்கான, அதாவது கருவி சரியாக அளக்கிறதா என்று பார்ப்பதற்கான, 3 லிட்டர் சிரிஞ்சும் அதே அறையிலேயே இருக்கட்டும். அதைக் கையால் இறுகப் பிடித்துச் சூடேற்றுவது பலரின் பழக்கம், வேண்டாம். ஏசியை இப்போதுதான் போட்டீர்கள் என்றால், வெப்பநிலை நிலைப்பட்ட பிறகு சோதியுங்கள்.